கிளாடை ஜிராவுடன் இணைப்பது எப்படி? எம்சிபி சர்வர் வழியாக, முதல் முறை செய்பவர்களுக்கு

அணிகள் தங்கள் வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள் ஜிரா. அதிலிருந்து ஒரு டிக்கெட்டைக் காப்பி செய்து கிளாட் போன்ற ஏஐ சாட்டில் ஒட்டுவது, அது எழுதித் தந்ததை மறுபடி ஜிராவில் ஒட்டுவது: இந்த வேலையை நிறுத்தத்தான் இந்த இணைப்பு. இணைக்கப் பத்து நிமிடம் போதும். எவ்வளவு அனுமதி கொடுப்பது, எப்படிக் கேட்டால் சரியான பதில் வரும் என்பதில்தான் நேரம் போகும். அதனால் இங்கேயும் அந்தப் பகுதிதான் நீளம்.

நடுவில் நடப்பது என்ன

எம்சிபி என்பது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். ஏஐ மாடலை வெளி மென்பொருள்களோடு இணைக்க, கிளாடைத் தயாரிக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை இது. ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியனே 2025 மே மாதம் தன் சொந்த எம்சிபி சர்வரைக் கொண்டுவந்தது.

அந்த சர்வர் தன்னால் என்னென்ன செய்ய முடியும் என்ற பட்டியலை முதலிலேயே கிளாடிடம் கொடுத்துவிடும்: டிக்கெட் தேடுவது, ஒன்றைத் திறந்து படிப்பது, புதிதாகப் போடுவது, கமென்ட் எழுதுவது, ஸ்டேட்டஸ் மாற்றுவது. இவை ஒவ்வொன்றுக்கும் 'டூல்' என்று பெயர். நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பொருத்தமான டூலைக் கிளாட் தேர்ந்தெடுத்து அழைக்கும். சர்வர் ஜிராவின் ஏபிஐயிடம் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) கேட்டு விடையைக் கொண்டுவரும். கிளாட் உங்கள் ஜிரா திரையைப் பார்ப்பதில்லை. போர்டில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் ஃபில்டரோ, போர்டின் எந்த நெடுவரிசை எந்த ஸ்டேட்டஸ் என்பதோ அதற்குத் தானாகத் தெரியாது.

தொடங்கும் முன்

உங்கள் ஜிரா முகவரி 'அட்லாசியன் டாட் நெட்' என்று முடிந்தால் பெரும்பாலும் கிளவுட் பதிப்புதான். கீழே உள்ள படிகள் அதற்கானவை. நிறுவனத்தின் சொந்த சர்வரில் ஓடும் டேட்டா சென்டர் பதிப்பு என்றால் வழி வேறு, அது பிறகு வருகிறது.

சோதனைக்கென்று தனியாக ஒரு ப்ராஜெக்ட் தொடங்கி ஏழெட்டு டிக்கெட்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலக ஜிராவில் அதற்கு அனுமதி இல்லையென்றால், பத்துப் பேர் வரை இலவசமாகத் தரும் ஜிரா கணக்கு ஒன்றைத் திறந்து பழகலாம். டீம் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஸ்பிரிண்டில் (ஓரிரு வார வேலைச் சுற்று) பழகிப் பார்க்க வேண்டாம்.

இணைக்கும் படிகள்

1. பிரவுசரில் அட்லாசியனுக்குள் எந்தக் கணக்கில் லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சொந்த ஜிமெயில் கணக்கில் இருந்தால் இணைப்பு அந்தக் கணக்கோடு போய்விடும். பிறகு 'ப்ராஜெக்ட் எதுவும் இல்லை' என்று பதில் வரும்.

2. கிளாடில் செட்டிங்ஸ் போய், கனெக்டர்ஸ் பகுதியைத் திறந்து, பட்டியலில் அட்லாசியனைத் தேடி கனெக்ட் கொடுங்கள். டீம் அல்லது என்டர்பிரைஸ் திட்டத்தில் இருந்தால், கணக்கின் ஓனர் முதலில் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்திருக்க வேண்டும்.

3. அட்லாசியனின் அனுமதிப் பக்கம் திறக்கும். திறக்கவில்லை என்றால் பாப்-அப் தடுக்கப்பட்டிருக்கும். எந்த சைட்டுக்கு அனுமதி கேட்கிறது என்பதைப் படித்துவிட்டு அக்செப்ட் கொடுங்கள். பாஸ்வேர்டு கிளாடுக்குப் போவதில்லை. அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான் (தனி அனுமதிச் சாவி) கொடுக்கப்படுகிறது. 'அட்மினிடம் கேளுங்கள்' என்று வந்தால், உங்கள் அட்மின் வெளி ஆப்களைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள். அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

4. திரும்பவும் கனெக்டர்ஸ் பகுதிக்கு வந்து டூல்களின் அனுமதியைப் பாருங்கள். தேடுவதையும் படிப்பதையும் மட்டும் அனுமதித்து, எழுதும் டூல்கள் அனைத்தையும் இப்போதைக்கு மூடி வையுங்கள்.

நான்காவது படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். கிளாடுக்குக் கிடைப்பது உங்களுடைய உரிமைதான்: உங்களால் பார்க்க முடியாததை அதனாலும் பார்க்க முடியாது, உங்களால் மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றச் சொல்லி அதனாலும் கேட்க முடியும். நீங்கள் ப்ராஜெக்ட் அட்மின் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ஜிராவின் இலவசத் திட்டத்தில் ப்ராஜெக்ட் உரிமைகளைத் தனித்தனியாக மாற்ற முடியாது. ஆகவே அங்கே உங்களுக்குள்ள ஒரே கடிவாளம் கிளாட் பக்கத்து டூல் அனுமதிதான்.

படிக்கச் சொல்லிப் பாருங்கள்

புது சாட் ஒன்றைத் திறந்து, அதில் அட்லாசியன் கனெக்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் கேள்வி: 'எனக்குத் தெரியும் ஜிரா ப்ராஜெக்டுகளைப் பட்டியலிடு.' பெயர்கள் சரியாக வந்தால் இணைப்பு சரி. அடுத்து ஒரு டிக்கெட் எண்ணைக் கொடுத்து, அது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாவதாகத் தேடல். இங்கேதான் பிழைகள் சத்தமில்லாமல் நுழையும். உங்கள் கேள்வியைக் கிளாட் ஜிராவின் தேடல் மொழியான ஜேக்யூஎல்லில் எழுதி அனுப்புகிறது. எழுதியது கொஞ்சம் பிசகினாலும் பல நேரம் எரர் வராது, தவறான பட்டியல் வரும். ஒரு உதாரணம்: 'கார்த்திக்கிடம் இல்லாத டிக்கெட்டுகளைக் கொடு' என்று கேட்கிறீர்கள். அசைனீ (டிக்கெட் ஒதுக்கப்பட்டவர்) கார்த்திக் அல்ல என்று ஜேக்யூஎல் போகிறது. யாருக்கும் ஒதுக்காத டிக்கெட்டுகள் அந்தப் பட்டியலில் வரவே வராது, ஏனென்றால் 'இது அல்ல' என்ற நிபந்தனை காலியான ஃபீல்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் தேடியதே அந்த அநாதை டிக்கெட்டுகளைத்தான் என்றால் அவ்வளவுதான். 'ஒதுக்கப்படாதவற்றையும் சேர்' என்று சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கை இன்னொரு பள்ளம். தேடல் முடிவுகள் பக்கம் பக்கமாகத்தான் வரும். முதல் பக்கத்தோடு நின்றுவிட்டு, ஐம்பது வந்தால் 'ஐம்பது திறந்திருக்கின்றன' என்று பதில் வரலாம். விடை 50, 100 என்று ரவுண்டான எண்ணாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 'அடுத்த பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்' என்று கேளுங்கள், அல்லது அதே ஜேக்யூஎல்லை ஜிராவில் ஒட்டிச் சரிபாருங்கள்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு தேடலிலும் 'பயன்படுத்திய ஜேக்யூஎல்லையும் காட்டு' என்று சேர்த்துக் கேளுங்கள். ப்ராஜெக்ட் கீயையும் (டிக்கெட் எண்ணின் முன்னால் வரும் எழுத்துகள்) நீங்களே கொடுங்கள். சைட் முழுவதும் தேட விட்டால் பதில் நீண்டு, சாட்டின் கொள்ளளவும் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எழுத விடுவது

படிப்பது நம்பும்படி ஆன பிறகு, டிக்கெட் உருவாக்கும் டூலை மட்டும் திறந்துவிடுங்கள், அதுவும் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கும்படி. 'எப்போதும் அனுமதி' வேண்டாம். சோதனை ப்ராஜெக்டில் ஒரு பக் (பிழை) டிக்கெட் போடச் சொல்லுங்கள். கட்டாய ஃபீல்டு ஏதாவது விடுபட்டால் ஜிரா 400 என்ற எரரைத் திருப்பும். எந்த ஃபீல்டு என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும்.

ஒருவருக்கு ஒதுக்கும்போது ஜிராவுக்குப் பெயர் போதாது, அக்கவுண்ட் ஐடி வேண்டும். கிளாட் பெயரை வைத்து அதைத் தேடி எடுக்கும். டீமில் இரண்டு கார்த்திக் இருந்தால் தவறான கார்த்திக்குக்கு மெயில் போய்விடும். அதனால் மின்னஞ்சல் முகவரியோடு சொல்லுங்கள்.

'இதை டன் (முடிந்தது) ஆக்கு' என்று சொன்னால் நடக்காமல் போவது அடிக்கடி வரும் புகார். ஜிராவில் ஸ்டேட்டஸை நேரடியாக மாற்ற முடியாது. வொர்க்ஃப்ளோவில் அனுமதித்த டிரான்சிஷன் (ஒரு ஸ்டேட்டஸிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி) வழியாகத்தான் நகர முடியும். 'டு டூ'விலிருந்து 'டன்'னுக்கு நேர்வழி இல்லையென்றால் இடையில் 'ரிவியூ'வுக்குப் போயாக வேண்டும். அந்த டிக்கெட்டுக்கு இப்போது என்னென்ன டிரான்சிஷன் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள்.

கமென்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அது உங்கள் பெயரில்தான் பதிவாகும், டிக்கெட்டை வாட்ச் செய்பவர்களுக்கு அறிவிப்பு போகும். பிறகு அழித்தாலும் போன மெயில் போனதுதான். முதலில் சாட்டில் வரைவு, நீங்கள் படித்த பிறகு பதிவு.

டிக்கெட்டில் இருக்கும் எழுத்து எல்லாம் உங்கள் ஆட்கள் எழுதியது அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். வாடிக்கையாளர் போட்ட சப்போர்ட் டிக்கெட்டுக்குள் 'இந்தத் தகவலை அங்கே கமென்டாகப் போடு' என்று யாராவது எழுதி வைத்தால், மாடல் அதை உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். வெளியாட்கள் எழுதும் ப்ராஜெக்டுகளைப் படிக்கும் சாட்டில் எழுதும் டூல்கள் மூடியே இருக்கட்டும்.

டேட்டா சென்டர் என்றால்

அட்லாசியனின் ரிமோட் சர்வர் கிளவுடுக்கு மட்டுமே. நிறுவனத்தின் விபிஎன்னுக்குள் (வெளியாட்கள் நுழைய முடியாத நெட்வொர்க்) இருக்கும் ஜிராவை வெளியிலிருந்து தொட முடியாது, ஏனென்றால் கனெக்டரின் அழைப்பு உங்கள் லேப்டாப்பிலிருந்து அல்ல, ஆந்த்ரோபிக்கின் கிளவுடிலிருந்து வருகிறது. இதற்கு உங்கள் கணினியிலேயே ஓடும் எம்சிபி சர்வர் வேண்டும். எம்சிபி-அட்லாசியன் என்ற திறந்த மூல சர்வரை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓட்டலாம். கிளாட் டெஸ்க்டாப்பின் கான்ஃபிக் ஃபைலில் அதை ஓட்டும் கட்டளை, ஜிரா முகவரி, பர்சனல் அக்சஸ் டோக்கன் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். படிக்க மட்டும் விடும் ரீட்-ஒன்லி மோடும், குறிப்பிட்ட ப்ராஜெக்டுகளுக்குள் நிறுத்தும் ஃபில்டரும் அதில் உண்டு. இரண்டையும் போடுங்கள்.

சர்வர் பட்டியலில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் கான்ஃபிக்கில் ஒரு கமா விடுபட்டிருக்கும், அல்லது விண்டோஸ் பாதையில் பேக்ஸ்லாஷை இரட்டிக்காமல் விட்டிருப்பீர்கள். திருத்திய பிறகு ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, டாஸ்க்பார் மூலையிலிருந்து ஆப்பை முழுவதும் க்விட் செய்து திறக்க வேண்டும். டாக்கர் ஓடாமல் இருப்பதும் ஒரு காரணம். டோக்கன் அந்த ஃபைலில் வெறும் எழுத்தாகவே கிடக்கும், ஆகவே அந்த ஃபைலைக் கிட் (Git) போன்ற கோடு சேமிப்பிடத்தில் ஏற்றாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டிலும் விடாதீர்கள்.

துண்டிக்கும்போது

கிளாடில் டிஸ்கனெக்ட் கொடுத்ததோடு விடாமல், உங்கள் அட்லாசியன் கணக்கின் கனெக்டட் ஆப்ஸ் பக்கத்திலும் அனுமதியை நீக்குங்கள். டேட்டா சென்டரில் டோக்கனை ரிவோக் (ரத்து) செய்யுங்கள்.