மேக இடைவெளியில் ஒரே ஒரு நட்சத்திரம்: பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மொரீஷியஸின் போர்ட் லூயியிலிருந்து ரொட்ரீக்ஸ் தீவுக்குப் படகில் போகும் வழி, நவம்பர் 20 மாலை. வானமெல்லாம் மேகம், தென்கிழக்கில் மட்டும் ஒரு இடைவெளி, அதில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம். பார்த்ததும் அகத்தியர் (கனோபஸ் நட்சத்திரம்) என்று சொல்லத் தோன்றும், ஆனால் அந்த நேரத்தில் அகத்தியர் அடிவானத்தை ஒட்டித்தான் இருப்பார். ஊகமே வேண்டாம், கணக்குப் போட்டால் பெயர் தானாக வரும்.

முதலில் செக்ஸ்டன்ட்டில் (கோணம் அளக்கும் கருவி) உயரத்தை, அதாவது அடிவானத்துக்கு மேலே நட்சத்திரம் எத்தனை டிகிரி என்பதை எடுங்கள். அடிவானமும் நட்சத்திரமும் சேர்ந்து தெரிவது கொஞ்ச நேரம்தான் என்பதால், பெயர் தெரியட்டும் என்று காத்திருக்காமல் அளந்துவிட்டு யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தையும் எழுதிவிடுங்கள். உயரம் 40°, நேரம் 14:44, நம் உத்தேச இடம் தெற்கு 20°, கிழக்கு 58.5° என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் திசைகாட்டியில் நட்சத்திரம் இருக்கும் திசை. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். மொரீஷியஸ் கடலில் காந்த ஊசி உண்மை வடக்கை விட்டு மேற்கே நிறைய விலகி நிற்கும். திசைகாட்டி 168° காட்டி, சார்ட்டில் (கடல் வரைபடம்) இந்த விலகல் மேற்கு 18° என்று இருந்தால், உண்மைத் திசை 150°. இதைக் கழிக்க மறந்தால் கீழே கணக்கிடும் டெக்ளினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே நட்சத்திரம் இருக்கும் கோணம்) தெற்கு 67°-க்குப் போய்விடும், அந்த இடத்தில் அல்மனாக் (கடலோடிகளின் வானியல் பஞ்சாங்கம்) பட்டியலில் எந்த நட்சத்திரமும் கிடையாது. படகின் இரும்பு இழுக்கும் பிழை தெரிந்தால் அதையும் திருத்துங்கள்.

இனி கால்குலேட்டர். தெற்கு அட்சரேகைக்கு மைனஸ் போடுங்கள்.

சைன் டெக்ளினேஷன் = சைன் அட்சரேகை × சைன் உயரம் + காஸ் அட்சரேகை × காஸ் உயரம் × காஸ் திசை

விடை −0.843, அதாவது தெற்கு 57.5°.

காஸ் மணிக்கோணம் = (சைன் உயரம் − சைன் அட்சரேகை × சைன் டெக்ளினேஷன்) ÷ (காஸ் அட்சரேகை × காஸ் டெக்ளினேஷன்)

மணிக்கோணம் என்பது நம் தலைக்கு மேலே வடக்கு-தெற்காகப் போகும் கோட்டிலிருந்து மேற்கு நோக்கி அளக்கும் கோணம்; இங்கே விடை சுமார் 45°. நட்சத்திரம் கிழக்குப் பக்கம் இருப்பதால் 360-லிருந்து கழித்து 315° என்று எடுக்க வேண்டும், மேற்கே இருந்தால் 45°-ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அல்மனாக்கில் அந்த நேரத்துக்கு மேஷப் புள்ளியின் (நட்சத்திரங்களின் இடத்தை அளக்கத் தொடங்கும் வானப் புள்ளி) கிரீன்விச் மணிக்கோணம், அதாவது கிரீன்விச்சிலிருந்து அளந்த மணிக்கோணம், சுமார் 280.5°. நம் தீர்க்கரேகை 58.5°-ஐக் கூட்டினால் 339°. 315-லிருந்து 339-ஐக் கழித்து, மைனஸ் வருவதால் 360 கூட்டினால் 336°. இதுதான் எஸ்.எச்.ஏ, அதாவது மேஷப் புள்ளியிலிருந்து மேற்கு நோக்கி அளந்த நட்சத்திரத்தின் கோணம்.

இப்போது அல்மனாக்கில் உள்ள 57 நட்சத்திரப் பட்டியலைப் புரட்டுங்கள். எஸ்.எச்.ஏ சுமார் 335°, தெற்கு 57°: அக்கெர்னார். ஓரிரு டிகிரி வித்தியாசம் வரலாம், அதனால் பெயர் மாறாது.

எதுவும் பொருந்தவில்லையென்றால் அல்மனாக்கின் அன்றைய பக்கத்தில் வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி நான்கையும் பாருங்கள். கிரகங்கள் அந்த 57-இல் இருக்காது.