பொங்கலுக்குத் தோண்டும் சர்க்கரைவள்ளி

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் 15 அடிக்கு 12 அடிதான். ஒரு முருங்கை மரம், துணி துவைக்கும் கல், அதைத் தாண்டினால் வெறும் செம்மண். ஏழு வருடமாக அங்கே சர்க்கரைவள்ளி போடுகிறேன். எங்கள் பக்கம் கிழங்கு என்றாலே சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் மரவள்ளிதான் எல்லோருக்கும் நினைவு வரும். சர்க்கரைவள்ளியைப் பொங்கலுக்கு மட்டும் சந்தையில் இரண்டு கிலோ வாங்குவதோடு சரி.

முதல் வருடம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். செடி பாவம் என்று நான்கு கூடைச் சாணி எருவைக் கொட்டினேன். போதாதென்று ஒரு கை யூரியா. தினமும் சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டேன். கொடி மதிலேறிப் பக்கத்து வீட்டையே எட்டிப் பார்த்தது. நான்கு மாதம் கழித்துத் தோண்டினால் சுண்டுவிரல் தடிமனில் வேர்தான் வந்தது. அத்தை திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கு நல்லாத் தீனி வளத்திருக்கேம்மா. கிழங்கு எங்கே?" என்றார்.

எருவும் யூரியாவும் கொடுக்கும் தழைச்சத்து கூடினால் இது இலையாகவே விட்டுக்கொண்டு போகும். கிழங்கு பருக்கச் சாம்பல்சத்து வேண்டும். அதனால் இப்போது நன்றாக மக்கிய எரு பாருக்கு (நடுவதற்கு மண்ணை மேடாக அணைத்த வரிசைக்கு) அரைக் கூடை, விறகடுப்புச் சாம்பல் இரண்டு கை, அவ்வளவுதான். யூரியா பக்கமே போவதில்லை.

கொடிக்கு ஆடி பிறந்ததும் ஏற்பாடு செய்ய வேண்டும். முளை எட்டிப் பார்க்கிற கிழங்கு இரண்டு மூன்றை எடுத்து, ஈர மணல் நிரப்பிய பழைய பக்கெட்டில் பாதி புதைய வைத்து, வெயில் படும் இடத்தில் விட்டுவிடுவேன். ஆவணி நடுவில் வெட்டும் அளவுக்குக் கொடி வந்துவிடும். யாராவது கொடி கொடுத்தால் இன்னும் சுலபம். ஆனால் நுனிப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். அடிக்கொடியில், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு முட்டை வைத்திருக்கும், அதையும் சேர்த்து வீட்டுக்கு அழைத்து வந்ததாகிவிடும். ஓர் அடி நீளத்துக்கு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு நாள் நிழலில் வைத்தால் கணுவில் வேர் முனை தெரியும். அப்போது நடலாம்.

மண்ணைத் தயார் செய்வதில்தான் உழைப்பு. ஒரு முழ ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கிவிட வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் கல்லுக்கா பஞ்சம்! கல் இடித்தால் கிழங்கு கோணிக்கொண்டு போகும். அப்புறம் ஓர் அடி உயரத்துக்குப் பார் கட்டி, பாருக்குப் பார் இரண்டு அடி விட்டு, மேலே சாணுக்கு ஒரு துண்டாகச் சாய்த்து ஊன்ற வேண்டும். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகட்டும். எனக்கு நான்கு பாரில் 50 துண்டு பிடிக்கும். முருங்கை நிழல் விழும் இடத்தில் நடாதீர்கள், அங்கே இலைதான் வரும்.

பிடிக்கும் வரை ஒரு வாரம் தினமும் தண்ணீர். பிறகு வாரம் ஒருமுறை, மழை பெய்தால் அதுவும் வேண்டாம். புரட்டாசி, ஐப்பசியில் நம் பக்கம் வானமே பார்த்துக்கொள்ளும்.

ஒரு மாதம் ஆனதும் களை எடுத்து மண் அணைக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடுங்கள். விட்டால் கணுவுக்குக் கணு வேர் இறக்கி, அங்கங்கே குட்டிக் கிழங்கு வைத்து, அடிக்கிழங்கைச் சப்பையாக்கிவிடும். புரட்டும்போது கொஞ்சம் இளந்தளிரைக் கிள்ளிப் பருப்போடு கடைந்தால் களிக்கு நன்றாக இருக்கும். வள்ளைக்கீரையும் இதுவும் ஒரே குடும்பம்தான்.

கிழங்கு பருக்கும்போது மண் வெடிக்கும். அந்த வெடிப்பை அன்றன்றே மூடிவிடுங்கள். கூன்வண்டு அந்த வழியாகத்தான் இறங்கும். அது துளைத்த கிழங்கு கசக்கும், ஒரு ஓரம் துளைத்தாலும் முழுக் கிழங்கும் வீண். அதே பாரில் அடுத்த வருடமும் போட்டால் வண்டுக்கு விருந்து வைத்த மாதிரி. நான் ஒரு வருடம் கத்தரி போட்டு மாற்றிக்கொள்கிறேன்.

110 நாளிலிருந்து பார்க்கலாம். அடி இலை மஞ்சளாகும். ஒரு கிழங்கைத் தோண்டி வெட்டி வையுங்கள். வெட்டிய இடம் வெள்ளையாகவே உலர்ந்தால் விளைந்துவிட்டது, பச்சைக் கறுப்பாக மாறினால் இன்னும் பத்து நாள் பொறுக்க வேண்டும். ஆவணி நடுவில் நட்டதை மார்கழி பத்துக்கு மேல் நான் தோண்டுகிறேன். முதலில் கொடியை அறுத்துவிட்டு, பாரின் ஓரத்தில், செடிக்கு ஓர் அடி தள்ளிக் கடப்பாரையைப் போட்டு நெம்பி, மிச்சத்தைக் கையால் பறியுங்கள். மண்வெட்டியால் நேரே வெட்டி நான் இரண்டாகப் பிளந்த கிழங்குகளுக்குக் கணக்கில்லை. போன வருடம் 18 கிலோ தேறியது.

தோண்டிய அன்றே வேகவைத்துவிட்டு, "என்ன, சப்பென்று இருக்கிறதே" என்று வருத்தப்படாதீர்கள். மண்ணை உதறி, கழுவாமல், அடுப்பங்கரையில் சாக்கு விரித்துப் பரப்பி ஒரு வாரம் விடுங்கள். கதகதப்பில் காயம் ஆறித் தோல் இறுகும். இன்னும் ஒரு வாரம் போனால் மாவு சர்க்கரையாகிக்கொண்டே வரும், பொங்கலுக்குச் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நடுப்பகுதி வேகாமல் கட்டையாகிவிடும். குக்கரில் அவசரமாக நான்கு விசில் விடுவதைவிடத் தணலில் மெல்லச் சுட்டால் இனிப்பு கூடும். மெதுவாகச் சூடேறும்போதுதான் மாவு இன்னும் கொஞ்சம் சர்க்கரையாக மாறுகிறது.

அறுத்த கொடியில் நல்ல நுனியாக நான்கைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஊன்றி வைப்பேன். அரிசி களைந்த தண்ணீரிலேயே கோடையைத் தாண்டிவிடும், ஆடியில் பக்கெட்டும் மணலும் தேட வேண்டியதில்லை. மிச்சம் பக்கத்து வீட்டு மாட்டுக்கு. அத்தைதான் கட்டுக்கட்டிக் கொண்டுபோய்ப் போடுவார்.