முரட்டுப் பிள்ளையும் நம்முடைய தவறுகளும்

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், இரைச்சலை அடக்க மேசையில் ஸ்கேலால் ஓங்கித் தட்டினேன். மூன்றாம் பெஞ்சுப் பையனின் கை சட்டென்று தலையை மறைத்தது. அடுத்த நொடி அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் பக்கத்துப் பையன்மீது பறந்தது. பாக்ஸ் பறந்ததை வகுப்பே பார்த்தது. கை தலைக்குப் போனதை நான் மட்டும்தான் பார்த்தேன். பார்த்தும், ‘திமிர் அதிகம், கண்டிக்கவும்’ என்று டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் அவன் பின்னால் இருந்த பெஞ்சில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தான்.

அடி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் அங்கேயே புகார் அனுப்புவது பெரிய தவறு. அடியிலும் கத்தலிலும் வளரும் பிள்ளை, ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழகிவிடுகிறது. ஆத்திரத்துக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி, யாருக்குமே இருபது வயதைத் தாண்டித்தான் முழுதாக முதிர்கிறது. பயத்தில் அந்தக் கடிவாளமும் தளர்ந்துபோகும். சுயகட்டுப்பாடே இல்லை என்று நாம் சலித்துக்கொள்வது பல நேரம் இதைத்தான்.

மிரட்டினால் திருந்துவான் என்ற நம்பிக்கையையும் விடவேண்டும். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வழிதவறும் பையன்களை ராவே சிறைக்கு அழைத்துப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டினார்கள். இத்தகைய திட்டங்களைப் பின்னர் முறையாகச் சோதித்தபோது, போகாதவர்களைவிடப் போய்வந்தவர்களே அதிகம் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். ‘போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்பது அதன் உள்ளூர்ப் பதிப்பு. நான் ஸ்கேலை அலமாரியில் போட்டுவிட்டு, அன்றைக்கு வகுப்பில் என்னென்ன நடக்கும் என்று கரும்பலகை ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அந்தப் பையன் கொஞ்சம் அமைதியாக இருந்தான்.

இதற்கு நேர் எதிரான தவறு, அடிபட்டவன் குற்றவாளியாகத்தான் ஆவான் என்று ஜாதகம் கணிப்பது. உளவியலாளர் கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தைகளில் சுமார் 26 சதவீதம் பேர் சிறார் வயதில் கைதானார்கள்; மற்றக் குழந்தைகளில் சுமார் 17 சதவீதம். வித்தியாசம் உண்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களிலும் நான்கில் மூன்று பேர் அந்த வயதில் கைதாகவே இல்லை. இளமைத் துன்பங்களை எண்ணி மதிப்பெண் போடும் வினாத்தாளை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020இல் எச்சரித்தார்.

கடைசியாக ஒன்று. பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்ல வாயைத் திறக்கும்போது, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ‘உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்றால் போதும், அது பொய்யுமில்லை. துருவித் துருவிக் கேட்காமல், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.