காந்தமும் தராசும் போதும்: பொருள்களை வகை பிரிக்கப் பழகுவோம்

பொறியியல் பொருள்களின் வகைப் பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போங்கள்.

படி 1: உலோகமா? மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் கருவியான மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலைக்குத் திருப்பி, அதன் இரண்டு முனைகளையும் பொருளில் வையுங்கள். பீப் அடித்தால் அநேகமாக உலோகம்தான். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு வையுங்கள். பென்சில் கரிக்கும் பீப் அடிக்கும், ஏமாறாதீர்கள்.

படி 2: இரும்பு சார்ந்ததா? தோசைக்கல்லில் காந்தம் 'டப்' என்று ஒட்டும். வார்ப்பிரும்புக் கல் என்றால் அதில் 2 முதல் 4 சதவீதம் கார்பன் இருக்கும். சாதாரணக் கட்டுமானக் கம்பியில் அதில் பத்தில் ஒரு பங்குதான். அடுத்து எவர்சில்வர் டம்ளர். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். காந்தம் ஒட்டாது, ஆனாலும் அது இரும்பு இனம்தான்! 304 என்கிற எவர்சில்வர் வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், மீதி பெரும்பாலும் இரும்பு. நிக்கல் சேர்ந்ததால் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட விதமே மாறிவிடுகிறது, காந்தம் இழுப்பதில்லை. டம்ளரின் விளிம்பில் லேசாக இழுத்தால், அது தகட்டை வளைத்து அழுத்தியதன் விளைவு. ஆக, ஒட்டினால் அநேகமாக இரும்பு என்று நம்பலாம். ஒட்டாவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

படி 3: சந்தேகம் தீர, எடை. பொருளின் எடையைக் கிராமில் எடுங்கள். நிறைந்த பாத்திரத்தில் முக்கி, வழிந்த தண்ணீரை மில்லியில் அளந்து, எடையை அதனால் வகுங்கள்; வருவதுதான் அடர்த்தி. 54 கிராம் துண்டு 20 மில்லி தள்ளினால் 2.7, அதாவது அலுமினியம். எஃகு 7.8 பக்கம், பித்தளை 8.5 பக்கம் வரும்.

படி 4: உலோகம் இல்லாதவை. தண்ணீர் லாரி வரும்போது வரிசையில் நிற்குமே, அந்தக் கலர் குடம் இளகும் பிளாஸ்டிக். உருக்கி மறுபடி வார்க்கலாம். குக்கரின் பேக்கலைட் கைப்பிடி இறுகும் பிளாஸ்டிக். சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது. ஊறுகாய் ஜாடி, தரை டைல்ஸ் எல்லாம் பீங்கான் இனம்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். கான்கிரீட் கூரை, காம்போசிட் என்கிற கூட்டுப்பொருள். அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்கும், இழுவிசையைக் கம்பி தாங்கும். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் பால்கனியடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் சற்று நின்று பாருங்கள். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்திருக்கும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும்; அதுதான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது.