மைசூர் அரண்மனையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

"இது இந்தோ-சரசெனிக் பாணி" என்று கைடு சொல்வார், நாமும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்து, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலந்து கட்டிய பாணி அது. ஆனால் எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் இந்தக் கட்டடத்தின் ருசியே. அதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே, கீழே சொல்லும் வரிசையில் பார்த்தால் போதும்.

முதலில் கொஞ்சம் கதை. இங்கே இருந்த பழைய மர அரண்மனை 1897இல் ஓர் இளவரசியின் திருமணத்தின்போது தீயில் அழிந்தது. இளம் மன்னருக்காக ஆட்சி நடத்திய மகாராணி, புதியதைக் கட்டும் பொறுப்பை ஹென்றி இர்வின் என்ற பிரிட்டிஷ் கட்டடக்கலைஞரிடம் கொடுத்தார். வேலை 1912இல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் இர்வினின் கை உண்டு. தீயில் பட்ட பாடு புதிய கட்டடத்தில் தெரியும்: கல், செங்கல், இரும்பு எல்லாம் முன்னே வர, மரம் பின்னுக்குப் போய்விட்டது.

படி 1: தூரத்தில் நில்லுங்கள்

கிழக்கு மைதானத்தின் கோடியில் நின்று, நுணுக்கங்களை மறந்து உருவத்தை மட்டும் பாருங்கள். இளஞ்சிவப்புக் கும்மட்டங்கள், நடுவில் 145 அடி உயரக் கோபுரம், அதன் உச்சியில் பொன் முலாம் பூசிய கும்மட்டம். இந்த வெளிக்கோடு சுல்தான்களும் முகலாயர்களும் வளர்த்த மரபைச் சேர்ந்தது. ஒரு கோயில் விமானத்தை இங்கே தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

படி 2: நெருங்கி வாருங்கள்

இப்போது முகப்பின் நடு வளைவுக்கு மேலே பாருங்கள். யானைகளுடன் கஜலட்சுமி! வளைவு இஸ்லாமிய மரபு, அதன் மேல் உட்கார்ந்திருப்பது செல்வத்தின் தெய்வம். சுவர் சாம்பல் நிறக் கருங்கல், கும்மட்டம் இளஞ்சிவப்புப் பளிங்கு. இந்த ஒரே இடத்தில் கலப்பு என்றால் என்னவென்று புரிந்துவிடும்.

படி 3: கல்யாண மண்டபத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். எண்கோண வடிவ மண்டபம். தூண்கள் வார்ப்பிரும்பு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்தவை. அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிக் கூரை, அதுவும் கிளாஸ்கோவில் செய்ததுதான். ஆனால் அதில் இருப்பவை மயில்கள்! சுற்றுச் சுவர்களிலோ மைசூர் தசரா ஊர்வலத்தின் ஓவியங்கள். தொழில்நுட்பம் சீமையுடையது, உள்ளடக்கம் உள்ளூருடையது. என்னைக் கேட்டால், முகப்பைவிட இங்கேதான் கலவை நன்றாகச் சேர்ந்திருக்கிறது. வெளியே பாணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இங்கே ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரண்மனையின் வெளித்தோற்றம் எந்தப் பாணியானாலும், நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்ற அமைப்பு நம் தொட்டிக்கட்டு வீட்டுடையது மாதிரியே இருக்கும்.

படி 4: தர்பார்களை ஒப்பிடுங்கள்

பொது தர்பார் மண்டபத்தின் ஒரு பக்கம் மைதானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கிறது. மன்னர் மக்களுக்குக் காட்சி தரவேண்டும் அல்லவா? அம்பாவிலாசம் அதற்கு நேர்மாறு: மன்னர் தேர்ந்தெடுத்த சிலரைச் சந்திக்கும் உள் சபை. தந்தம் பதித்த நூக்கமரக் கதவு, வண்ணக் கற்களைப் பளிங்கில் பதித்த தரை. ஆக்ரா கைத்திறன் தெரிந்தவர்களுக்கு அந்தத் தரை உடனே பிடிபடும்.

போவதற்கு முன்

நுழைவு தெற்கே உள்ள வராஹ வாசல் வழியாக. உள்ளே செருப்புக்கு அனுமதி இல்லை. முகப்பு கிழக்கு நோக்கியது, எனவே காலை வெயிலில் வந்தால் கல்லின் நிறம் நன்றாகத் தெரியும். ஞாயிறு மாலை விளக்கு அலங்காரம் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் வெளிக்கோடு மட்டும்தான் மிஞ்சும், படி 2க்கு அது உதவாது.

மைசூர் வரை போக முடியாதவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள கலைக்கூடக் கட்டடத்தில் பழகிப் பார்க்கலாம். அதுவும் இர்வின் வடிவமைத்ததுதான். முதல் இரண்டு படிகளும் அங்கே அப்படியே பொருந்தும்.