பெரிய டயர் உரசுமா என்பதை வாங்கும் முன்பே அறியலாம்

சுசுகி ஜிம்னி போன்ற, முன்னும் பின்னும் திட அச்சும் சுருள்வில்லும் கொண்ட வண்டியில் பெரிய டயர் போட நினைப்பவர்கள், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்த அளவுச் சக்கரம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, சேஸிஸை ஸ்டாண்டின் மேல் உறுதியாக நிறுத்தி, சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, அச்சு மேலேறுவதற்கு எல்லையாக இருக்கும் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வரை அச்சை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வில் கழற்றும்போது பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது.

உயரமான வில், வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே கூட்டுகிறது. பம்ப் ஸ்டாப் மாறாதவரை, பெரும் பள்ளத்தில் சக்கரம் மேலேறி நிற்கும் எல்லை பழைய இடத்திலேயே இருக்கும். 195/80 ஆர்15 டயருக்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறத்தாழ 40 மி.மீ. கூடும், அகலமும் 40 மி.மீ. கூடும், நின்ற நிலையில் தாராளமாகத் தெரியும் இடைவெளி அங்கே போதாமல் போகலாம்.

சேஸிஸிலிருந்து பாடியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்டுக்கும், நீளமான பம்ப் ஸ்டாப்புடன் வரும் கிட்டுக்கும் இந்த அளவீடு அப்படியே பொருந்தாது. முன்பக்கம் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த தனித்தியங்கும் சஸ்பென்ஷன் என்றால், இறுகிய வில்லைப் பிரிப்பது ஆபத்தானது என்பதால், பணிமனையிலேயே செய்யுங்கள்.