கோடு தெளிவு, ஆள் மங்கல்: கபடிப் படங்களில் ஃபோகஸ் தப்புவது எங்கே?

மின்னொளி கபடி நடந்த மறுநாள் காலையில் எனக்குத் தவறாமல் ஒரு போன் வரும். "அண்ணாச்சி, கேமரால ஏதோ கோளாறு. புது மிரர்லெஸ், ஒரு படமாவது ஷார்ப்பா இருக்கணுமே!" பேசுகிறவன் கல்யாண வீட்டுப் படங்களில் கெட்டிக்காரன். அம்மன் கோயில் கொடைக்குக் கபடி எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், போயிருக்கிறான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தப்பின படத்தையெல்லாம் வச்சிருக்கியா, அழிச்சிட்டியா?"

அழித்திருப்பான். முதல் தவறே அதுதான். எங்கே தப்பியது என்று அந்தப் படத்தைத் தவிர வேறு யார் சொல்வது?

தப்பிய படத்தைப் பெரிதாக்கி, ஆளை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். கபடிக் களம் அதற்கென்றே கோடு போட்டு வைத்தது போல இருக்கும். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர், அங்கிருந்து போனஸ் லைன் 1 மீட்டர். பாடி வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் நடுக்கோடு பளிச்சென்று தெரிந்தால் ஃபோகஸ் பின்னால் போயிருக்கிறது. உங்கள் பக்கத்து மண் பொடிப்பொடியாகத் தெரிந்தால் முன்னால் விழுந்திருக்கிறது. ஊன்றிய கால் தெளிவாக இருந்து வீசிய கை மட்டும் இழுபட்டிருந்தால் ஆட்டோஃபோகஸ் மேல் பழியே இல்லை, ஷட்டர் வேகம் போதவில்லை. தரை, ஆள், பந்தல் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் உங்கள் கைதான் ஆடியிருக்கிறது. "ஃபோகஸ் அவுட்" என்று என்னிடம் கொண்டுவந்த படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி இரண்டு வகைதான்.

இனி உண்மையிலேயே ஃபோகஸ் தப்பியவை. கல்யாண மேடையில் ஏஎஃப்-எஸ், அதாவது ஒருமுறை ஃபோகஸ் பிடித்து அங்கேயே நிறுத்திக்கொள்ளும் முறை, போதும். மாப்பிள்ளை எங்கே ஓடப்போகிறார்? கபடிக்கு அதே அமைப்போடு போவதுதான் பெரிய வினை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மில்லிமீட்டர், எஃப் 2.8, ஆள் 10 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 42 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்கிறவர் பத்தில் ஒரு பங்கு விநாடியில் அரை மீட்டர் வந்துவிடுவார். நீங்கள் பாதி அழுத்தி, பீப் சத்தம் கேட்டு, முழுசாக அழுத்துவதற்குள் அந்த முழம் அவருக்குப் பின்னால் கிடக்கும். ஆள் நகர நகர ஃபோகஸும் தொடரும் ஏஎஃப்-சி வேண்டும், கேனானில் அதன் பேர் சர்வோ. அதையும் தொடுகிற கணத்தில் அழுத்தக் கூடாது. ஆள் நடுக்கோட்டைத் தாண்டும்போதே விரல் பாதி இறங்கியிருக்க வேண்டும். ஆள் எந்த வேகத்தில் வருகிறார் என்று கணிக்கக் கேமராவுக்குக் கொஞ்சம் அவகாசம் தேவை. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி இருக்கிறது, அவசரமே இல்லை.

அடுத்தது, முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. திரை முழுவதையும் அதற்குத் திறந்துவிட்டால் அது முகங்களைத் தேடும், ஆட்டக்காரரைத் தேடாது. களத்தைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது. முதல் வருஷம் நான் எடுத்த அருமையான பிடி ஒன்றில் நடுவரின் விசில் கயிறு இழை இழையாகத் தெரிந்தது, நாலு பேர் சேர்ந்து அமுக்கிய ஆட்டக்காரர் மட்டும் பனிமூட்டத்துக்குள் இருந்தார். கண் கண்டறிதலை அணைக்க வேண்டாம். ஃபோகஸ் பகுதியைச் சிறிய, அல்லது நடுத்தரப் பெட்டியாக்கி, பாடி வருகிறவரின் நெஞ்சில் வைத்துத் தொடங்குங்கள். அந்தப் பெட்டிக்குள் அகப்படும் முகத்தை மட்டும் கேமரா எடுத்துக்கொள்ளும். முகம் தெரியாதபோது பனியனில் உள்ள எண் கைகொடுக்கும். பெரும்பாலான மிரர்லெஸ் சென்சார்கள் ஃபோகஸ் பிடிக்கும் ஃபேஸ் டிடெக்ட் முறை (phase, முகத்தைத் தேடும் face அல்ல) செங்குத்து விளிம்புகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். கேமராவைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு குறுக்குப் பட்டை பனியன் மேல் பெட்டியை வைத்தால் முன்னும் பின்னும் தடவிக்கொண்டு நிற்கும். எண் 1, 4, 7 எல்லாம் அதற்குப் பிடித்த விருந்து.

எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். பிடிக்கிற அணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாடி வருகிறவரின் முகம் நேராகக் கிடைக்கும். ஆனால் ஏழு பேர் முதுகு குறுக்கே போய்க்கொண்டே இருக்கும். ஒரு முதுகு கடந்ததும் ஃபோகஸ் அதன் மேல் தாவிவிடும். இதற்குத்தான் டிராக்கிங் சென்சிடிவிட்டி என்ற அமைப்பு இருக்கிறது. இங்கே ஒரு வேடிக்கை. சோனியில் எண் 1 பிடித்ததை விடாது, 5 சட்டென்று தாவும். நிக்கான் இசட் வகையில் நேர் எதிர், 1 வேகம், 5 தாமதம். கேனானில் மைனஸ் பக்கம் பிடிவாதம், பிளஸ் பக்கம் தாவல். நிக்கான்காரர் வீடியோவில் "5-ல வைங்க" என்றதைக் கேட்டுச் சோனியில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க முதுகாக எடுத்து வந்தவரை எனக்குத் தெரியும். கபடிக்குப் பிடிவாதப் பக்கம் ஒரு படி போதும். ஆனால் அடுத்தவர் பாடப் போகும்போது பழைய ஆளையே பிடித்துக்கொண்டு நிற்கும். விரலை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

வெளிச்சம். நம்மூரில் கம்பத்தில் கட்டும் விளக்குக்கே "ஃபோகஸ் லைட்" என்றுதான் பேர், படத்துக்கு ஃபோகஸ் கொடுக்க அது மட்டும் போதாது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) கூடினால் படம் பொரியும் என்று பயந்து ஷட்டரை 1/250 விநாடியில் வைத்து எடுக்காதீர்கள். 1/1000, லென்ஸ் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ 6400 ஆனாலும் ஆகட்டும். பொரிப்பொரியாக இருந்தாலும் முகம் முகமாக இருக்கும். சத்தமில்லாமல் எடுக்கும் சைலண்ட் ஷட்டர் வசதியை அணைத்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். சைலண்ட் ஷட்டரில் சாதாரண சென்சார் வரிசை வரிசையாகப் படிப்பதால் படத்தில் பட்டை பட்டையாக விழும். விளக்கின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எடுக்கும் ஆன்டி-ஃபிளிக்கர் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் நம் தென்பாண்டிச் சீமைக்காரர். இந்தக் கம்பத்து வெளிச்சத்துக்கு அடியில் அப்படி இன்னொருவர் பாடிக்கொண்டிருக்கலாம். அவர் முகத்தை 1/250-ல் தொலைத்துவிடாதீர்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வரி: வலைக்குப் பின்னால் நின்றால் லென்ஸை வலையோடு ஒட்டி வையுங்கள், தள்ளி நின்றால் கேமரா வலையைத்தான் பிடிக்கும். லென்ஸில் கிட்டத்தில் உள்ளதைத் தேடாமல் தடுக்கும் தூர வரம்பு சுவிட்ச் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

மாட்டுவண்டிப் பந்தயம் வேறு கதை. மெனுவில் நாய், பூனை, பறவை எல்லாம் இருக்கும், காளை இருக்காது. விலங்குக் கண்டறிதல் சில நேரம் காளையின் கண்ணைப் பிடிக்கும், சில நேரம் கொம்பு நுனியில் போய் நிற்கும். நான் அதை அணைத்துவிட்டுச் சிறிய பெட்டியை சாரதியின் மேல் வைக்கிறேன். முதல் வண்டி கிளப்பும் புழுதிக்குள் இரண்டாவது வண்டியைத் தேடாதீர்கள், புழுதியைத்தான் பிடிக்கும். பக்கவாட்டில் நின்றால் புழுதி விலகும்.

ஒன்றை மட்டும் எந்தக் கேமராவாலும் சரிசெய்ய முடியாது. பத்து மணிக்கு மேல் தார் ரோட்டிலிருந்து கானல் எழும்பத் தொடங்கினால் 300 மீட்டருக்கு அப்பால் வருகிற வண்டி தண்ணீருக்குள் தெரிவது போல நெளியும். ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கும், படம் மட்டும் குழைந்து கிடக்கும். வண்டி கிட்டே வரும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் விடியற்காலைப் பந்தயத்தோடு முடித்துக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பதநீர்க்காரர் இருக்கும் பனைமரத்து நிழலுக்குப் போய்விடுவேன்.